சொதப்பும் நெட்வொர்க் இன்டர்வியூக்கள்

"ஓஎஸ்பிஎஃப் புரோட்டோகால் நம்பர்?"

"89 சார்."

"இஐஜிஆர்பி?"

"88."

"ஓஎஸ்பிஎஃப் ஹலோ எந்த மல்டிகாஸ்ட் அட்ரஸுக்குப் போகும்?"

"224.0.0.5."

"விஆர்ஆர்பி நம்பர்?"

இங்கே ஒரு தடுமாற்றம். 112 என்பது நாக்கு நுனி வரை வந்து நிற்கிறது, வெளியே வரவில்லை. எதிரில் இருப்பவர் லேப்டாப்பில் ஏதோ தட்டிவிட்டு, "பேசிக்ஸ் இன்னும் கொஞ்சம் ஸ்ட்ராங் பண்ணணும்" என்கிறார். அவ்வளவுதான். வந்தவர் நாலு வருடமாக வங்கிக் கிளைகளின் லிங்க் விழும்போதெல்லாம் நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்து சரிசெய்தவர். அதைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை.

டிரைவர் வேலைக்கு வந்தவரிடம் வண்டியின் சேஸிஸ் நம்பரைக் கேட்டு அனுப்பிவிடுவது போன்ற இந்த இன்டர்வியூக்கள் நெட்வொர்க் துறையில் சகஜம். ஓ.எம்.ஆரிலோ கிண்டியிலோ அம்பத்தூரிலோ சனிக்கிழமை வாக்-இன் வரிசையில் நின்ற யாரைக் கேட்டாலும் இந்த ஜாடையில் ஒரு கதை சொல்வார்கள். கதையைக் கேட்டு உச்சுக்கொட்டுவதால் யாருக்கும் வேலை கிடைக்காது. அறைக்குள் இருக்கும் அந்த அரை மணி நேரத்தைக் கொஞ்சமாவது நம் பக்கம் இழுக்க வழி இருக்கிறதா என்று பார்க்கலாம். இருக்கிறது.

முதலில், எதிரே இருப்பவர் ஏன் இப்படிக் கேட்கிறார் என்பது தெரிய வேண்டும். பெரும்பாலும் அவர் கெட்டவர் அல்ல. காலையில் ஷிஃப்ட் முடித்து வீட்டுக்குக் கிளம்ப இருந்தவரை, "ரெண்டு கேண்டிடேட் இருக்காங்க, டெக்னிக்கல் ரவுண்ட் எடுத்துடுங்க" என்று மேனேஜர் உட்கார வைத்திருப்பார். இன்டர்வியூ எடுப்பது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. தன்னிடம் எதைக் கேட்டார்களோ, அதையே அவரும் கேட்கிறார். வேலைக்கு ஆள் எடுக்கும் முறைகளைப் பற்றிய பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்: 1998இல் ஷ்மிட், ஹன்டர் இருவரும், 2022இல் சாக்கெட் குழுவினரும். வேலையை ஒட்டிய கேள்விகளை முன்கூட்டியே எழுதி வைத்து, எல்லோரிடமும் ஒரேமாதிரி கேட்டு, ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடும் இன்டர்வியூதான், வாய்க்கு வந்ததைக் கேட்கும் இன்டர்வியூவைவிட ஆளைச் சரியாகக் கணிக்கிறது என்பதில் இரண்டு தொகுப்புகளும் ஒத்துப்போகின்றன. நம் ஊர் வாக்-இன்னுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

இன்னொரு காரணம் நம் தரப்பில் இருக்கிறது. டம்ப் படித்து சிசிஎன்ஏ பாஸ் செய்தவர்கள், கன்சல்டன்சி தயவில் இரண்டு வருட அனுபவத்தை ஐந்தாக்கிக்கொண்டவர்கள், ஆன்லைன் இன்டர்வியூவில் வேறொருவரைப் பேச வைத்து வாயை மட்டும் அசைத்தவர்கள் என்று பலரைப் பார்த்துச் சலித்தவர் அவர். சந்தேகத்தோடுதான் நாற்காலியில் உட்காருகிறார். ஆள் உண்மையிலேயே கன்சோல் கேபிளைத் தொட்டவர்தானா என்று கண்டுபிடிக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி, நம்பர் கேட்பது. அதையும் டம்ப் படித்தவர்தான் நன்றாகச் சொல்வார் என்பது வேடிக்கை.

எல்லா அடிப்படைக் கேள்வியும் அபத்தம் என்று சொல்லிவிட முடியாது. /27இல் எத்தனை ஹோஸ்ட் என்றால் 30 என்று யோசிக்காமல் வர வேண்டும். டிஹெச்சிபியில் டிஸ்கவர், ஆஃபர், ரிக்வெஸ்ட், அக் என்ற நான்கு படியும், கேட்வேயின் மேக் அட்ரஸை மெஷின் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதும், டிரங்க் போர்ட்டில் நேட்டிவ் விலான் மாறினால் என்ன ஆகும் என்பதும் தெரியாமல் இந்த வேலைக்குப் போகக் கூடாது. இவை தினமும் கையில் புழங்குபவை. புரோட்டோகால் எண் அப்படி அல்ல. ஃபயர்வாலில் ரூல் எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம்.

நம்பரிலிருந்து பழுதுக்கு

நம்பர் கேட்பவரைப் பழுது பற்றிப் பேச வைப்பதுதான் வித்தை. விடையைச் சொல்லி நிறுத்தாமல், அந்த விடை வேலையில் எங்கே கைகொடுத்தது என்று ஒரு வாக்கியம் சேருங்கள். ஒரே வாக்கியம். பாடம் எடுக்கக் கூடாது.

"ஓஎஸ்பிஎஃப் ஸ்டேட்ஸ் என்னென்ன?" என்கிறார் என்று வையுங்கள். டவுன், இனிட், டூ-வே, எக்ஸ்ஸ்டார்ட், எக்ஸ்சேஞ்ச், லோடிங், ஃபுல் என்று ஒப்பிப்பது எல்லோரும் செய்வது. கூடவே இதைச் சொல்லிப் பாருங்கள்: "எக்ஸ்ஸ்டார்ட்லயே நின்னுட்டா முதல்ல ரெண்டு பக்கமும் எம்டியுவைத்தான் பார்ப்பேன் சார். டூ-வேல நின்னா, ரெண்டுமே டிஆரோ பிடிஆரோ இல்லாத ரூட்டர்னா அது பழுதே இல்ல." எதிரே இருப்பவர் லேப்டாப்பிலிருந்து நிமிர்வார். அவரும் என்றோ ஒரு ராத்திரி எக்ஸ்ஸ்டார்ட்டில் மாட்டிக்கொண்டு முழித்தவராகத்தான் இருப்பார்.

இந்த ஒரு வாக்கியம் நீங்கள் டம்ப் ஆள் இல்லை என்று காட்டிவிடும். அடுத்த கேள்வி எங்கே போக வேண்டும் என்பதையும் ஓரளவு நீங்களே தீர்மானித்துவிட்டீர்கள். அவர் எம்டியுவைப் பிடித்துக்கொள்வார். அங்கே உங்களிடம் சரக்கு இருக்க வேண்டும்.

எனவே எம்டியுவிலிருந்தே ஒரு பெரிய உதாரணம். நெட்வொர்க் இன்டர்வியூவில் நல்ல கேள்வி என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்: "பிங் போகுது, வெப்சைட் திறக்கல. என்ன பண்ணுவீங்க?"

உடனே "டிஎன்எஸ் பிராப்ளம் சார்" என்று பாய்பவர் பாதி தோற்றுவிட்டார். முதலில் கேட்க வேண்டும். ஒரு யூசருக்கா, எல்லோருக்குமா? ஒரு சைட்டா, எல்லா சைட்டுமா? எப்போதிலிருந்து? நேற்று ராத்திரி ஏதாவது சேஞ்ச் போனதா? பிங் அடித்தது பெயருக்கா, ஐபிக்கா? கடைசிக் கேள்விக்கு வரும் பதில் வழியைப் பிரித்துவிடும். ஐபிக்கு மட்டும் போகிறது, பெயருக்குப் போகவில்லை என்றால் டிஎன்எஸ் பக்கம் திரும்பலாம். பெயருக்கும் போகிறது என்றால் டிசிபி 443 திறந்திருக்கிறதா என்று சோதிக்கலாம். ஃபயர்வால் ஐசிஎம்பியை விட்டுவிட்டு 443ஐ மறித்திருக்கலாம்.

443ம் திறந்திருக்கிறது, சிறிய பக்கங்கள் வருகின்றன, பெரியவை மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கின்றன என்றால்தான் ஆட்டம் சூடு பிடிக்கிறது. சாதாரண பிங் சிறிய பாக்கெட். அது எப்படியும் போய்விடும். பெரிய பாக்கெட் வழியில் ஒரு டனலில் இடிக்கிறது. ஈதர்நெட்டில் எம்டியு 1500. ஜிஆர்இ டனல் 24 பைட்டை எடுத்துக்கொள்ளும், மிச்சம் 1476. பிபிபிஓஇ என்றால் 1492. துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு வரும் பெரிய பாக்கெட்டை ரூட்டர் கீழே போட்டுவிட்டு, "இவ்வளவு பெருசு வேண்டாம்" என்று ஐசிஎம்பி செய்தி அனுப்பும். நடுவில் யாரோ ஒரு புண்ணியவான் பாதுகாப்பு என்று நினைத்து ஐசிஎம்பி முழுவதையும் ஃபயர்வாலில் அடைத்திருப்பார். அனுப்பியவருக்குச் சேதி போகாது. அவர் அதே பெரிய பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருப்பார்.

சோதிப்பது எப்படி? விண்டோஸில் துண்டாக்காதே என்ற குறியோடு 1472 பைட் பிங். ஐசிஎம்பி தலைப்பு 8, ஐபி தலைப்பு 20 சேர்ந்தால் 1500. போகவில்லை என்றால் குறைத்துக்கொண்டே வந்து எந்த அளவில் போகிறது என்று பாருங்கள். சிஸ்கோ ஐஓஎஸ் ரூட்டரிலிருந்து அடித்தால் 1500 என்றே கொடுக்க வேண்டும், அங்கே அளவு என்பது முழு பாக்கெட்டுக்கும் சேர்த்து. இந்தக் கடைசி விவரம் எந்த டம்ப்பிலும் கண்ணில் படாது. கையால் அடித்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும். தீர்வாக டனலில் எம்டியு 1400, டிசிபி எம்எஸ்எஸ் 1360 என்று வைப்பது பரவலான வழக்கம்.

இப்படி ஒரு பழுதை ஆதியோடந்தமாகச் சொல்லத் தெரிந்தவருக்கு விஆர்ஆர்பி எண் மறந்தால் குடி முழுகாது. இப்படி மூன்று நான்கு பழுதுகள் கைவசம் இருக்க வேண்டும். சொந்த அனுபவம் இல்லாத ஃபிரெஷர் என்றால் பாக்கெட் டிரேசரிலோ ஜிஎன்எஸ்3இலோ ஈவ்-என்ஜியிலோ நீங்களே உடைத்து நீங்களே சரிசெய்யுங்கள். லேபில் செய்தது என்று சொல்லியே பேசுங்கள். மரியாதை குறையாது.

எதிரே இருப்பவர் தப்பாகச் சொன்னால்

இதுதான் பலரையும் நிலைகுலைய வைப்பது. "டிரேஸ்ரூட் எந்த புரோட்டோகால்?" என்கிறார். "யுடிபி" என்கிறீர்கள். "தப்பு, ஐசிஎம்பி" என்கிறார் முகத்தைச் சுளித்து. உண்மையில் இருவரும் சரி. விண்டோஸ் ஐசிஎம்பி எக்கோ அனுப்புகிறது. லினக்ஸும் சிஸ்கோவும் இயல்பாக யுடிபி 33434 போர்ட்டிலிருந்து தொடங்குகின்றன. அவர் விண்டோஸ் பழக்கத்தில் பேசுகிறார், நீங்கள் ரூட்டர் பழக்கத்தில்.

/31 விவகாரமும் இப்படித்தான். "/31ஐப் பயன்படுத்தவே முடியாது, நெட்வொர்க் அட்ரஸும் பிராட்காஸ்ட் அட்ரஸும் போனா என்ன மிச்சம்?" என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாயின்ட்-டு-பாயின்ட் லிங்க்கில் /31 வைக்கலாம் என்று ஆர்எஃப்சி 3021 வந்தது 2000ஆம் ஆண்டிலேயே.

ஆர்எஃப்சி எண்ணைத் தூக்கி மேஜையில் போட்டால் நீங்கள் ஜெயிப்பீர்கள், வேலை போகும். அவருக்கு இறங்கி வர ஒரு படி வையுங்கள். "விண்டோஸ்ல நீங்க சொல்றதுதான் சார். நான் சிஸ்கோ பாக்ஸ்லயே பார்த்துப் பழகினதால யுடிபின்னு சொன்னேன்." ஒருமுறை சொல்லுங்கள், போதும். அப்போதும் ஒப்புக்கொள்ளாமல் குரலை உயர்த்துகிறாரா? அங்கே வேலைக்குச் சேர்ந்தால், அதிகாலை மூன்று மணிக்கு பிரிட்ஜ் காலில் அவரோடுதான் இருப்பீர்கள். நீங்கள் சரியாகச் சொன்னதை அப்போதும் இதே குரலில் தட்டிவிடுவார். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு முடிவெடுக்க உதவும்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்கும் ஒரு முறை உண்டு. "ஐடியா இல்ல சார்" என்று கதவைச் சாத்தாதீர்கள். "இதை நான் கான்ஃபிகர் பண்ணதில்ல. வந்தா முதல்ல இன்ன லாகைப் பார்ப்பேன்" என்று ஒரு அடி எடுத்து வையுங்கள். நெட்வொர்க் வேலையில் பாதி நேரம் தெரியாத பெட்டி முன்னால்தான் உட்கார்ந்திருப்போம் என்பது அவருக்கும் தெரியும்.

வேலையோடு சம்பந்தமே இல்லாத கேள்விகள் தனி ரகம். பெண்களிடம் "கல்யாணம் எப்போ? நைட் ஷிஃப்டுக்கு வீட்டுல விடுவாங்களா?" என்று கேட்கும் ஆட்கள் இன்னும் ஒழியவில்லை. "ஷிஃப்ட் எனக்கு ஓகே சார். கேப் வசதி எப்படி, பிக்கப் எத்தனை மணிக்கு?" என்று பேச்சை வேலைப் பக்கம் திருப்பலாம். மறுபடியும் அதே பாட்டு என்றால் எழுந்து வந்துவிடுவதில் நஷ்டம் இல்லை.

சொதப்பல் எங்கே தொடங்குகிறது

பல நேரம் அறைக்குள் போகும் முன்பே தொடங்கிவிடுகிறது. வேலை விளம்பரத்தில் பிஜிபி, எம்பிஎல்எஸ், எஸ்டி-வான், லோடு பேலன்சர், பைத்தான், கிளவுட் என்று அத்தனையும் இருக்கும். உள்ளே போனால் என்ஓசியில் திரையில் சிவப்பு வந்தால் டிக்கெட் போடும் எல்1 வேலை. எல்1 வேலையில் கேவலம் ஒன்றும் இல்லை, பலரும் அங்கேதான் தொடங்கினார்கள். ஐந்து வருட அனுபவத்தோடு போனவருக்கு அது அரை நாள் லீவு விரயம்.

ஹெச்ஆர் போன் செய்யும்போதே கேட்டுவிடுங்கள்: எல்1ஆ, எல்2வா? ரொட்டேஷனல் ஷிஃப்டா? கம்பெனி பேரோலா, கான்ட்ராக்டா? கிளையன்ட் இன்டர்வியூ தனியாக உண்டா? எந்த வெண்டர் பெட்டிகள்? கடைசிக் கேள்விக்கு அவரிடம் பதில் இருக்காது. "கேட்டுச் சொல்றேன்" என்பார். சொன்னாரா, இல்லையா என்பதே ஒரு தகவல்.

இன்னொரு தொடக்கம் ரெஸ்யூமே. "பிஜிபியில் அனுபவம்" என்று ஒரு வரி. உண்மையில் பிஜிபியை அமைத்தவர் வேறொருவர். நீங்கள் பார்த்தது, பியர் டவுன் என்று அலாரம் வந்தால் ஐஎஸ்பிக்கு டிக்கெட் போட்டது. இன்டர்வியூவில் லோக்கல் பிரிஃபரன்ஸுக்கும் மெட்டுக்கும் என்ன வித்தியாசம், எது உங்கள் ஏஎஸ்ஸிலிருந்து வெளியே போகும் டிராஃபிக்குக்கு, எது உள்ளே வருவதற்கு என்று கேட்டதும் வேர்க்கிறது. அந்த வரியை நேராக எழுதியிருக்கலாம்: "இரண்டு ஐஎஸ்பி லிங்க்குகளின் பிஜிபி பியர்களைக் கண்காணித்தல், டவுன் ஆனால் முதல்கட்டச் சோதனை, ஐஎஸ்பியோடு பேசிச் சரிசெய்தல்." இப்படி எழுதியவரிடம் கேள்வியும் அந்த அளவில்தான் வரும். ரெஸ்யூமேயில் இருக்கும் ஒவ்வொரு புரோட்டோகாலுக்கும் பத்து நிமிடம் பேச முடியாவிட்டால், அந்தப் பெயரை எடுத்துவிடுவது நல்லது. நான் ஆள் எடுக்கும் பக்கம் உட்கார்ந்தபோதெல்லாம் ரெஸ்யூமேயின் நீளமான புரோட்டோகால் வரிசையில் கடைசியாக இருப்பதைத்தான் முதலில் கேட்பேன். கொஞ்சம் குரூரம்தான்.

"நீங்க பார்த்த பெரிய அவுட்டேஜ் சொல்லுங்க" என்பதும் நிச்சயம் வரும். இதைச் சொல்லும் முறைக்கு ஊரறிந்த ஒன்றை எடுத்துப் பயிற்சி செய்யலாம். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஆறு மணி நேரம் போல உலகம் முழுக்கப் படுத்தன. பராமரிப்பு வேலையின்போது, பேக்போனின் திறனை அளக்கப் போட்ட ஒரு கமாண்ட், பேக்போன் இணைப்புகள் அத்தனையையும் அறுத்துவிட்டது. அப்படிப்பட்ட கமாண்டைத் தடுக்க வேண்டிய சோதனைக் கருவியில் ஒரு பிழை, தடுக்கவில்லை. டேட்டா சென்டரோடு தொடர்பு இல்லை என்று கண்ட டிஎன்எஸ் சர்வர்கள் தங்கள் பிஜிபி அறிவிப்புகளைத் தாங்களே திரும்பப் பெற்றன. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு டிஎன்எஸ் பழுதாகத் தெரிந்தது, மூல காரணம் வேறு. உள்ளே இருந்த கருவிகளும் அதே நெட்வொர்க்கை நம்பியிருந்ததால் என்ஜினியர்கள் நேரில் போய்த்தான் கைவைக்க முடிந்தது.

நிறுவனமே வெளியிட்ட இந்த விளக்கத்தில் ஒரு வரிசை இருக்கிறது: என்ன மாறியது, என்ன தெரிந்தது, தெரிந்தது ஏன் திசைதிருப்பியது, எதைச் செய்து மீண்டது. உங்கள் கதை ஒரு கிளை அலுவலகத்து ஸ்விட்ச் லூப்பாக இருந்தாலும் இதே வரிசையில் சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். கிளையன்ட் பெயர், ஐபி முகவரி, நெட்வொர்க் வரைபடம் எதையும் வெளியே விடாதீர்கள். "ஒயிட்போர்டுல உங்க இப்போதைய நெட்வொர்க்கை வரைங்களேன்" என்றால் பொதுவான படம் ஒன்றை வரைந்து, "கிளையன்ட் விவரம் வேண்டாமே சார்" என்று சொல்லிவிடலாம். விவரம் தெரிந்த மேனேஜர் அதற்காகவே ஒரு மார்க் கூடப் போடுவார். "எங்களுக்கு ஒரு டிசைன் எழுதி அனுப்புங்க, பார்த்துட்டு சொல்றோம்" என்று முழு வேலையையும் இலவசமாகக் கேட்பவர்களுக்கு, ஒரு பக்கத்தில் அணுகுமுறையை மட்டும் எழுதி அனுப்பினால் போதும்.

வெளியே வந்த பிறகு

அன்று சாயங்காலமே கேள்விகளை எழுதி வையுங்கள். மறுநாள் பாதி மறந்துவிடும். எதற்கு விடை தெரியவில்லை, எதற்குத் தெரிந்தும் வாய் வரவில்லை என்று பிரியுங்கள். முதல் வகையை லேபில் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டாம் வகைக்கு லேப் வேண்டாம், நண்பர் ஒருவர் வேண்டும். எதிரே உட்கார்த்தி வைத்து வாய்விட்டுச் சொல்லிப் பழகுவதுதான் மருந்து. படித்தவை எல்லாம் ஆங்கிலத்தில், மனசுக்குள் யோசிப்பது தமிழில், இன்டர்வியூ மறுபடி ஆங்கிலத்தில் என்று இருப்பவர்களுக்கு இந்தப் பயிற்சி இரட்டிப்பாகத் தேவை.

சில சமயம் விசித்திரம் நடக்கும். மோசமாகப் போனது என்று நீங்கள் மறந்தே போன இடத்திலிருந்து, "செலக்டட், எப்போ ஜாயின் பண்ணுவீங்க?" என்று போன் வரும். வாக்-இன்னில் வந்த யாருக்குமே விஆர்ஆர்பி எண் தெரியாமல் போயிருக்கலாம்! சந்தோஷத்தில் உடனே தலையாட்டாமல், டீம் லீடோடு கால் மணி நேரம் பேச வேண்டும் என்று கேளுங்கள். கேட்க வேண்டியவை: ஒரு ஷிஃப்டில் எத்தனை பேர்? ஆன்-கால் எத்தனை வாரத்துக்கு ஒருமுறை சுற்றி வரும்? கடைசியாக வந்த பெரிய அவுட்டேஜுக்குப் பிறகு என்ன மாற்றினார்கள்? இந்த இடம் ஏன் காலியானது? போனவர் எத்தனை மாதம் இருந்தார்? கடைசி இரண்டுக்கும் மழுப்பல் வந்தால், இன்டர்வியூவில் பார்த்த அந்தக் குரலையும் சேர்த்து யோசியுங்கள்.

பேசித் திருப்தி என்றால் ஆஃபர் லெட்டரைக் கையில் வாங்கி, பதவிப் பெயர், ஷிஃப்ட் அலவன்ஸ், பாண்ட் ஏதாவது இருக்கிறதா என்று வரி வரியாகப் படித்த பிறகுதான் இப்போதைய இடத்தில் பேப்பர் போட வேண்டும். நோட்டீஸ் பீரியட் பல கம்பெனிகளில் 90 நாள். "30 நாள்ல வந்துடுங்க, மீதியை பையவுட் பண்ணிக்கலாம்" என்று வாய்வார்த்தையில் சொல்வார்கள். அதையும் மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள்.